மீனுக்கு எத்தனை கன அடி?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் பேருந்தில் நீங்கள் போயிருக்கிறீர்களா? ஓரிக்கையைத் தாண்டியதும் நீண்ட பாலம் ஒன்று வரும். பாலத்தின் நீளத்தைப் பார்த்தால் கீழே ஒரு பேராறு ஓடவேண்டும் என்று தோன்றும். ஆனால் ஆண்டில் பெரும்பாலான நாட்களில் சன்னலுக்கு வெளியே தெரிவது மணலும் நாணலும் சீமைக் கருவேல மரங்களுந்தான். இதுதான் பாலாறு. நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் என்று 348 கிலோமீட்டர் கடந்து வயலூருக்கு அருகே கடலில் கலக்கும் ஆறு. 2021 நவம்பரில் இதே ஆறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

இந்தப் பாலத்தின்மேல் நின்று ஒரு கேள்வி கேட்போம். ஓர் ஆற்றில் மீன் வாழ வேண்டுமானால் அதில் எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும்?

"நிறைய ஓட வேண்டும்" என்று சொல்லிவிட்டால் போதாது. அணையில் மதகைத் திறப்பவருக்கு "நிறைய" என்ற சொல் பயன்படாது. அவருக்கு ஓர் எண் வேண்டும். விவசாயி தன் ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்கிறார். நகராட்சி, தலைக்கு இத்தனை லிட்டர் என்கிறது. மின்நிலையத்தார் தம் உருளைக்கு இத்தனை கன அடி என்கிறார்கள். கணக்கோடு வருபவருக்கே பங்கு கிடைக்கும். மீனுக்கு யார் கணக்குப் போடுவது?

ஆற்றைத் தடுப்பது காஞ்சிக்குப் புதிய செய்தி அன்று. திருவெஃகா கோவிலின் தலபுராணம் உங்கள் பாட்டி சொல்லியிருப்பார். தன்னை விட்டுவிட்டு பிரமன் வேள்வி செய்கிறானே என்று கோபங்கொண்ட சரசுவதி, வேகவதி ஆறாகப் பெருகி வந்தாளாம். திருமால் அந்த வெள்ளத்துக்குக் குறுக்கே அணையாகப் படுத்துக்கொண்டாராம். வேள்வி பிழைத்தது. வெள்ளத்தோடு வந்த மீன்கள் என்ன ஆயின என்று கதை சொல்லவில்லை. அணை கட்டியவர்களின் கணக்குப் புத்தகங்களிலும் நெடுங்காலம் அந்தக் கேள்வி இடம்பெறவில்லை.

முதலில் அளந்து பழகுவோம்

ஆற்றோட்டத்தை வினாடிக்கு இத்தனை கன அடி என்றோ, இத்தனை கன மீட்டர் என்றோ சொல்வது வழக்கம். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 35.3 கன அடி. வெறும் வார்த்தையாக இதைப் படிப்பதைவிட நீங்களே ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. மழைக்காலத்தில் உங்கள் ஊர் ஏரிக் கால்வாயில் ஆழமில்லாத, நேராக ஓடும் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். கரையில் 10 மீட்டர் தூரத்தில் இரண்டு குச்சிகளை நடுங்கள். ஓர் எலுமிச்சம்பழத்தை நடு ஓட்டத்தில் போட்டு, முதல் குச்சியிலிருந்து இரண்டாம் குச்சிக்குப் போக எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 20 வினாடி ஆனால் மேற்பரப்பின் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். அடியில் மண்ணோடு உரசுவதால் நீர் மெல்லப் போகும், எனவே 0.85 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். சராசரி வேகம் 0.425 மீட்டர். கால்வாயின் அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 0.3 மீட்டர் என்றால், 4 × 0.3 × 0.425 = 0.51. அதாவது வினாடிக்கு அரைக் கன மீட்டர், அல்லது 18 கன அடி.

பெரிய ஆறுகளில் கருவிகள் வேறு. அங்கே எலுமிச்சம்பழம் இல்லை. ஆனால் தத்துவம் இதேதான்: அகலம், ஆழம், வேகம்.

இந்த மூன்றும் மீனுக்கும் முக்கியமானவை. மீன் ஆற்றை "இத்தனை கன அடி" என்று உணர்வதில்லை. முதுகு மூழ்குமளவு ஆழம் இருக்கிறதா, உயிர்வளி கரையுமளவு நீர் புரண்டு ஓடுகிறதா, குஞ்சுகள் ஒதுங்க அமைதியான ஓரம் இருக்கிறதா, இவைதான் அதற்குத் தெரியும். கன அடியை மீனின் மொழிக்கு மாற்றுவதுதான் விஞ்ஞானியின் வேலை.

அமெரிக்காவில் டொனால்ட் டெனன்ட் என்ற மீன்வள விஞ்ஞானி இந்த வேலையைச் செய்தார். 1964 முதல் 1974 வரை மூன்று மாநிலங்களில் 11 ஓடைகளில், 58 குறுக்குவெட்டு இடங்களில், 38 வெவ்வேறு நீரோட்டங்களில் அகலம், ஆழம், வேகம் மூன்றையும் அளந்தார். 1976இல் முடிவை வெளியிட்டார். ஓர் ஆற்றின் ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் மட்டும் ஓடினால், பெரும்பாலான நீர்வாழ் உயிர்கள் சிறிது காலம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அப்போது சராசரி ஆழம் ஓர் அடி. 30 சதவீதம் ஓடினால் ஆழம் ஒன்றரை முதல் இரண்டு அடியாகும். வாழ்விடம் நல்ல நிலையில் இருக்கும். 60 சதவீதம் ஓடினால் மிகச் சிறப்பு.

இந்த எண்களை உலகின் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. எளிமையான விதி என்பதே காரணம். எளிமையே அதன் குறையும் ஆகும். டெனன்ட் அளந்தவை மலைப்பனி உருகி ஓடும் குளிர்நாட்டு ஓடைகள். நான்கு மாதம் பெய்து எட்டு மாதம் ஓயும் நம் பருவமழை ஆறுகளை அவர் அளக்கவில்லை.

டெனன்ட் கவனித்த ஒன்று நம் ஆறுகளுக்கும் பொருந்தும். சுழியத்திலிருந்து 10 சதவீதம் வரை நீர் உயரும்போதுதான் அகலமும் ஆழமும் மிக வேகமாகக் கூடுகின்றன. காஞ்சியில் தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். பாவில் எத்தனை இழை ஓடுகிறதோ அதைப் பொறுத்துத்தான் சேலையின் அகலம். முதல் இழைகளைப் பிடுங்கிவிட்டால் பிறகு எவ்வளவு நேர்த்தியாக நெய்தும் பயனில்லை.

ஒரு கணக்கு. தட்டையான அடித்தளம் 40 மீட்டர் அகலமும், 45 பாகைச் சாய்வில் இரு கரைகளும் உள்ள ஓர் ஆறு என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் ஓடினாலே 40.28 மீட்டர் நீளத்துக்குத் தரை நனைந்துவிடுகிறது. ஆழம் ஒரு மீட்டரானால் நனையும் நீளம் 42.83 மீட்டர். கூடியது இரண்டரை மீட்டர்தான். ஆனால் அதற்கு வேண்டிய நீரோட்டமோ ஏறத்தாழ 46 மடங்கு! நனைந்த தரைதான் பாசிக்கும் புழு பூச்சிகளுக்கும், அவற்றைத் தின்னும் மீனுக்கும் வயல். ஆகவே "தரை நனையுமளவுக்கு விட்டால் போதும், மிச்சத்தைப் பாசனத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு பொறியாளர் முடிவு செய்தால், அவர் கணக்கில் பிழை சொல்ல முடியாது.

ஆனால் முழங்கை நீளம் உயரமுள்ள ஒரு மீன் பத்து சென்டிமீட்டர் நீரில் எப்படிப் போகும்? முதுகு வெயிலில் காயும்! எந்த மீனுக்காகக் கணக்குப் போடுகிறோம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

காவிரியின் கூன்முதுகு மீன்

தென்னாட்டில் அப்படி ஒரு மீன் உண்டு. காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே வாழும் கூன்முதுகு மஹ்சீர். கெண்டையின் குலத்தைச் சேர்ந்தது. உள்ளங்கை அளவு செதில், தலைக்குப் பின்னே திமில்போல் எழும் முதுகு. 1946இல் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. உங்களில் பலருடைய எடையைவிட அதிகமாக இருக்கலாம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், நூறாண்டுக்கு மேலாக வேட்டைக்காரர்களும் மீனவர்களும் அறிந்த இந்த மீனுக்குச் சரியான விஞ்ஞானப் பெயர் இல்லாமலே இருந்தது. அமராவதியில் சேரும் பாம்பாற்றில், கேரளத்து ஆய்வாளர்கள் ஒரு மஹ்சீரைக் கண்டு, மீனியல் அறிஞர் ரேமாதேவியின் பெயரால் 'டார் ரேமாதேவியை' என்று பெயரிட்டிருந்தனர். காவிரியின் கூன்முதுகு மீனும் அதுவும் ஒன்றே என்று 2018இல்தான் உறுதியாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில், அழிவுக்கு மிக அருகில் நிற்கும் இனங்களின் வரிசையில் அதைச் சேர்த்தது. பெயரும் ஆபத்து அறிவிப்பும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. இன்று அது நம்பிக்கையோடு தேடப்படும் இடங்களில் நீலகிரி அடிவாரத்து மாயாறு முக்கியமானது.

இந்த மீன் கோடையில் ஆழமான மடுக்களில் தங்கும். தென்மேற்குப் பருவமழையில் நீர் உயரும்போது, அந்த உயர்வையே அழைப்பாகக் கொண்டு, பாறையும் கூழாங்கல்லும் நிறைந்த இடங்களை நாடி மேலேறும். கற்களுக்கிடையே கிடக்கும் முட்டைகளுக்கு ஓடும் நீர் உயிர்வளி கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். பொரித்த குஞ்சுகளுக்கோ ஆழமில்லாத ஓரம் வேண்டும். ஒரே மீனுக்கு மூன்று வயதில் மூன்று வகை ஆறு தேவைப்படுகிறது!

குறை முழுவதும் நீரின்மேல் போடுவது நியாயமன்று. வெடிவைத்து மீன் பிடித்தார்கள். மணலை அள்ளினார்கள். மகாராஷ்டிரத்து லோணாவலாவில் பெருக்கிய நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளை நல்லெண்ணத்தோடேயே காவிரியில் விட்டார்கள். வந்த விருந்தாளி வீட்டுக்காரனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் மேலாக, அணைகள் ஆற்றின் நேர அட்டவணையை மாற்றிவிட்டன.

அணை மீனை என்ன செய்யும் என்பது பழைய செய்திதான். சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்த ஃபிரான்சிஸ் டே என்ற மீனியலார், 1873லேயே இந்திய நன்னீர் மீன்கள் குறித்த தம் அறிக்கையில், ஆற்றின் குறுக்கே கட்டும் அணைகள் மீன்களின் போக்குவரத்தைத் தடுப்பதைச் சுட்டிக்காட்டினார். கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்துகொண்டிருந்த உல்லம் மீன், வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடுவது, 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் காவிரியில் அருகிப் போயிற்று.

பத்து டி.எம்.சி.

காவிரி நீர்ப் பங்கீடு பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதில் மீனுக்கும் ஒரு வரி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2007 பிப்ரவரி 5ஆம் நாள் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பளித்தது. மொத்தம் 740 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு 10. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. பிலிகுண்டுலு அளவை நிலையத்தில் கர்நாடகம் தரவேண்டிய 192 டி.எம்.சி.க்குள்ளேயே அந்தப் பத்தும் அடங்கியிருந்தது. மாத அட்டவணையில் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே ஒவ்வொன்றுக்கும் இரண்டரை டி.எம்.சி. நான்கும் சேர்ந்தால் பத்து. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் 192ஐ 177.25ஆகக் குறைத்தபோதும் இந்த நான்கு மாதங்களின் அளவு மாறவில்லை.

இரண்டரை டி.எம்.சி. என்பது 250 கோடி கன அடி. 30 நாளில் 25,92,000 வினாடிகள். வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 965 கன அடி, அதாவது 27 கன மீட்டர். சித்திரை வெயிலில் ஒகேனக்கல் பாறைகளுக்கிடையே ஓட வேண்டிய ஓட்டம் இது.

இது போதுமா? 740இல் 10 என்பது நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. டெனன்ட் பிழைப்புக்கே 10 சதவீதம் கேட்டார். ஆனால் இப்படி ஒப்பிடுவதில் ஒரு தவறு இருக்கிறது. எங்கே என்று யோசித்துப் பாருங்கள்.

மேட்டூருக்கு வரும் பாசன நீரும் பிலிகுண்டுலு வழியாகத்தானே வரவேண்டும்? விவசாயிக்குப் போகும் நீரில் மீன் வழியில் குளித்துக்கொள்ளலாம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆகவே மேட்டூருக்கு மேலே மீனுக்குக் கிடைப்பது 10 டி.எம்.சி.யைவிட மிக அதிகம். அதே சமயம், நீர் வாய்க்கால்களில் பிரிந்துபோன பிறகு கீழே ஆற்றில் மிஞ்சுவது வேறு கதை. ஆற்றின் ஒரே எண் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. என்றாலும், கோடை மாதங்களுக்கென்று ஓர் அளவைத் தனியே எழுதிவைத்தது நல்ல காரியம் என்றே நான் கருதுகிறேன். எழுதாத பங்கை யாரும் கேட்கமுடியாது.

கங்கையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2018 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையில், பொன்னிற மஹ்சீர் வாழும் மலைப்பகுதி அடங்கிய மேல் கங்கைக்கு மாதத்துக்கு மாதம் மாறும் சதவீதங்கள் விதிக்கப்பட்டன. நவம்பர் முதல் மார்ச் வரை, வரும் நீரின் மாதச் சராசரியில் 20 சதவீதம். அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25. ஜூன் முதல் செப்டம்பர் வரை 30. சமவெளியில் சதவீதம் இல்லை, நேரடி எண். ஹரித்துவாரின் பீம்கோடா அணையில் வறண்ட மாதங்களில் வினாடிக்கு 36 கன மீட்டர், மழை மாதங்களில் 57. பிஜ்னோர், நரோரா, கான்பூரில் 24, 48. பழைய அணைகளுக்கு முதலில் மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டது. பிறகு அது 2019 டிசம்பர் என்று சுருக்கப்பட்டது.

ஏன் மாதத்துக்கு மாதம் மாற்ற வேண்டும்? ஆண்டு முழுவதும் ஒரே அளவாக விட்டால் கணக்கு எளிதாயிற்றே! கூன்முதுகு மீனின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் உயர்ந்தால்தான் அது இனப்பெருக்கத்துக்குப் புறப்படும். உயராத ஆற்றில் அது பட்டினி கிடக்காது, பெருகவும் பெருகாது. மின் தேவைக்காகக் காலையில் திறந்து மாலையில் மூடும் மதகு இன்னொரு வகைத் தொல்லை. நீர் சட்டென்று வடியும்போது ஓரத்துக் குஞ்சுகள் குட்டைகளில் அகப்பட்டுக்கொள்ளும். அன்றைய சராசரியைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், குஞ்சுகள்மட்டும் இருக்கமாட்டா.

மீண்டும் பாலத்துக்கு

இப்போது பாலாற்றுக்கு வருவோம். ஏப்ரல் மாதத்தில் ஓட்டம் சுழியம். அதில் 30 சதவீதம் எவ்வளவு? சுழியந்தான். டெனன்டின் விதி இந்த மணலில் உடைந்துபோகிறது.

ஏனென்றால் பாலாறு பெரும்பாலும் மணலுக்கு அடியில் ஓடும் ஆறு. மணலின் துளைகளில் தேங்கிய நீரைத்தான் உறிஞ்சு கிணறுகள் இறைக்கின்றன. காஞ்சிபுரத்துக் குழாய்களுக்கும் ஓரிக்கையிலிருந்து அந்த நீர் வருகிறது. முற்காலத்தில் வெள்ளம் வடிந்த பின்னும் பள்ளமான மடுக்களில் மணலுக்கடியிலிருந்து நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அடுத்த வெள்ளம் வரும்வரை மீன்கள் அங்கே காத்திருக்கும். விதைநெல்லைக் குதிரில் வைப்பதுபோல, ஆறு தன் மீன்களை மடுவில் வைத்திருந்தது. மணல் போயிற்று, நிலத்தடி நீர்மட்டம் இறங்கிற்று, மடு காய்ந்தது. எனவே இங்கே மதகுக்காரருக்கு எண் கொடுத்துப் பயனில்லை. கிணற்றுக்கு எண் கொடுக்க வேண்டும். கோடையில் நீர்மட்டம் இத்தனை மீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பதே இத்தகைய ஆற்றின் "கன அடி".

வெள்ளத்துக்கும் ஒரு பங்கு உண்டு. விலாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று பழமொழி கேலி செய்யும் அதே விலாங்கு. அது பிறப்பது ஆழ்கடலில். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறு குஞ்சாகக் கரைக்கு வந்து, முகத்துவாரத்தில் நன்னீர் கலக்கும் நேரம் பார்த்து ஆற்றில் ஏறி, பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும். ஆறு கடலைத் தொடாத ஆண்டில் அதற்கு வாசற்கதவு பூட்டியிருக்கிறது. "கடலில் வீணாகக் கலக்கும் நீர்" என்று நாம் சொல்லும் நீர்தான் அதன் சாவி.

1892இல் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையின் ஆறுகள் பட்டியலில் பாலாறும் இருக்கிறது. அது பாசனத்தைப் பற்றிய உடன்படிக்கை. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பு, நீரின் தூய்மையைப் பற்றியது. நீரின் அளவில் மீனுக்கான பங்கு இவற்றின் பொருள் அன்று.

அடுத்த வடகிழக்குப் பருவத்தில் வெள்ளம் வந்தால், ஆற்றில் இறங்காமல், ஓரிக்கைப் பாலத்தின் மேலிருந்தோ செவிலிமேட்டுப் பாலத்தின் மேலிருந்தோ ஒரு வேலை செய்து பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் மூன்று குறிப்புகள் எழுதுங்கள்: எத்தனை பாலத்தூண்களைத் தண்ணீர் தொடுகிறது, தூணில் எந்த மட்டம்வரை இருக்கிறது, மிதந்துவரும் சருகு ஒரு தூணிலிருந்து அடுத்த தூணின் நேருக்கு நகர எத்தனை வினாடி ஆகிறது. நீர் வடியத் தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். ஓட்டம் நின்ற நாளைக் குறியுங்கள். அதன்பின் பள்ளங்களில் தேங்கிய நீர் எத்தனை நாள் இருந்தது, எந்தப் பள்ளம் கடைசியாகக் காய்ந்தது, அதில் கொக்குகள் எத்தனை நாள் நின்றன என்றும் குறியுங்கள். கொக்கு நின்றால் மீன் இருக்கிறது என்று பொருள்.